அச்சில் உள்ள கோடும் அடிப்பில் நேர்ந்த கோடும்: பழங்காசு எழுத்துகளை வாசிப்பதற்கான சான்று நெறி

ஆய்வுச் சுருக்கம்

காசின் மீதுள்ள எழுத்தை வாசிப்பவர், அங்குக் காணும் ஒவ்வொரு கோட்டையும் செதுக்கியவன் இட்ட கோடு என்று கொள்வது இயல்பு. ஆனால் காசு நேரடியாக எழுதப்பட்ட பொருள் அன்று. அச்சிலிருந்து அடித்தெடுக்கப்பட்ட படி. அச்சில் முதலிலேயே இருந்தவை, அடிக்கும்போது நேர்ந்தவை, அச்சு சிதைந்தபோது புகுந்தவை ஆகிய மூன்றும் காசின் பரப்பில் கலந்து நிற்கின்றன. தற்கால நாணயச்சாலைக் காசுகளில் இவற்றைப் பிரித்தறிய வகுக்கப்பட்ட வழிமுறைகளை விளக்கி, அவற்றுள் எவை தமிழி எழுத்துப் பொறித்த சங்ககாலக் காசுகளுக்குப் பொருந்தும், எவை பொருந்தா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. எழுத்து வாசிப்புக்குச் சான்றாக எண்ணப்பட வேண்டியவை காசுகள் அல்ல, அச்சுகளே என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: நாணயவியல், அச்சு வேறுபாடு, இரட்டிப்பு, தமிழி, உயிர்க்குறி, புள்ளி, பெருவழுதி, மாக்கோதை

முன்னுரை

தமிழ்நாட்டுக் காசு சேகரிப்போரிடையே அண்மைக்காலமாக 'டபுள் டை' என்னும் சொல் பெருவழக்குப் பெற்றுள்ளது. எழுத்தோ எண்ணோ இரட்டையாகத் தோன்றும் எந்தக் காசையும் இப்பெயரால் அழைத்து மிகுவிலை கூறுகின்றனர். வணிக வழக்கில் இது பெருந்தீங்கு விளைப்பதில்லை. வாங்குபவர் ஏமாறுவதோடு முடிந்துவிடும். இதே குழப்பம் பழங்காசு வாசிப்பில் புகும்போது விளைவு வேறாகிறது. இரட்டிப்பால் தோன்றிய ஒரு கோடு உயிர்க்குறியாகக் கொள்ளப்படுகிறது. உயிர்க்குறி எழுத்துமுறையைத் தீர்மானிக்கிறது; எழுத்துமுறை காலத்தைத் தீர்மானிக்கிறது. ஓர் அரசனின் பெயரும் அவன் காலமும் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள கோட்டின் மேல் நிற்கும் நிலை தமிழி எழுத்துக் காசுகளில் உண்டு.

ஆகவே இரட்டிப்பு என்பது எவ்வாறு தோன்றுகிறது என்பதை அதன் தெளிவான வடிவத்தில், அதாவது உருவாகிய முறை முழுவதும் அறியப்பட்ட தற்காலக் காசுகளில், முதலில் காண்பது தேவையாகிறது.

புடைப்பு மூலமும் அதனால் விளையும் இரட்டிப்பும்

பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுகளின் இயந்திர நாணயச்சாலைகளில் அச்சு நேரடியாகச் செதுக்கப்படுவதில்லை. காசில் உள்ளதைப் போன்றே உருவும் எழுத்தும் மேலெழுந்து நிற்கும் எஃகுத் துண்டு ஒன்று முதலில் உருவாக்கப்படும். இதனை ஹப் என்பர். இக்கட்டுரையில் இது புடைப்பு மூலம் எனப்படுகிறது. இதனைப் பதமிளக்கிய எஃகின் மீது பேரழுத்தத்தில் அழுத்தினால் உருவும் எழுத்தும் குழிந்து பதியும். அவ்வாறு குழிந்ததே அச்சு. அச்சின் கீழ் உலோக வில்லையை வைத்து அடித்தால் மீண்டும் புடைத்த உருவம் கிடைக்கும்; அதுவே காசு.

அழுத்தத்தின்போது எஃகு இறுகிவிடுவதால், பழைய முறையில் ஒரே அழுத்தத்தில் உருவம் முழு ஆழத்துக்குப் பதிவதில்லை. அச்சை எடுத்துச் சூடாக்கிப் பதமிளக்கி மறுபடியும் அதே மூலத்தின் கீழ் வைத்து அழுத்துவர். இரண்டாம் முறை வைக்கும்போது முதற்பதிவின் மேல் மூலம் துல்லியமாகப் பொருந்த வேண்டும். சற்றே திரும்பியோ விலகியோ பொருந்தினால் அச்சிலேயே இரண்டு பதிவுகள் நிலைத்துவிடும். இதுவே ஹப் இரட்டிப்பு. அமெரிக்க நாணயச்சாலை 1990-களின் பிற்பகுதியில் ஒரே அழுத்தத்தில் அச்சு உருவாக்கும் முறைக்கு மாறியதற்கு இக்குறையை நீக்குவதும் ஒரு காரணமாகும்.

இதற்கு யாவரும் காட்டும் சான்று, பிலடெல்பியா நாணயச்சாலையில் 1955-இல் அடிக்கப்பட்ட லிங்கன் ஒரு சென்ட் காசு. அதன் முன்புற அச்சு ஒன்றில் மூலம் இரண்டாம் முறை சிறிது சுழன்று பதிந்துவிட்டது. ஆண்டு எண்ணும் விளிம்போர வாசகங்களும் வெறுங்கண்ணுக்கே இரண்டாகத் தெரிகின்றன. நடுவிலுள்ள லிங்கன் உருவமோ பெரிதும் இரட்டிக்காமல் நிற்கிறது. சுழற்சியால் ஏற்படும் பெயர்ச்சி நடுவில் குறைவாகவும் விளிம்பை நோக்கிச் செல்லச் செல்ல மிகுதியாகவும் இருக்கும் என்பதே இதற்குக் காரணம். குறை கண்டறியப்படுவதற்குள் அக்காசுகள் நல்ல காசுகளுடன் கலந்துவிட்டன. எல்லாவற்றையும் உருக்குவதை விட வெளிவிடுவதே மேல் என்று முடிவு செய்யப்பட்டதால் ஏறத்தாழ 20,000 முதல் 24,000 காசுகள் வரை புழக்கத்துக்கு வந்தன என்பது மதிப்பீடு.

இக்காசுகள் அனைத்திலும் இரட்டிப்பு ஒரே இடத்தில், ஒரே திசையில், ஒரே அளவில் உள்ளது. குறை அச்சில் இருப்பதால் அந்த அச்சின் எல்லாப் படிகளும் அதனைச் சுமக்கின்றன. இன்னொரு பண்பும் இதில் உண்டு. இரண்டு பதிவுகளும் அச்சில் முறையாகக் குழிந்தவை ஆதலால் காசில் இரண்டும் உருண்டு முழுமையாக எழுந்து நிற்கின்றன. எழுத்தின் மொத்த அகலம் கூடுகிறது. எழுத்தின் முனைகள் பிளவுண்டு காணப்படுகின்றன.

சுழற்சி மட்டுமன்றி, மூலம் பக்கவாட்டில் விலகுவதாலும் ஒருபுறம் சாய்வதாலும் இரட்டிப்பு நேரும். இரண்டு வெவ்வேறு மூலங்கள் ஒரே அச்சில் பதிவதாலும் அது நேரும். கடைசி வகைக்கு 1942-ஆம் ஆண்டின் அமெரிக்கப் பத்து சென்ட் காசு சான்று. அதன் அச்சு ஒன்றில் 1941-ஆம் ஆண்டுக்குரிய மூலமும் 1942-ஆம் ஆண்டுக்குரிய மூலமும் அடுத்தடுத்துப் பதிந்ததால், இறுதி எண்ணின் கீழ் முந்தைய எண் தெரிகிறது. சுவடிப் பதிப்பில் பழகியவர்க்கு இது புதிதன்று. இரு வேறு மூலச்சுவடிகளைப் பார்த்து எழுதப்பட்ட ஏட்டில் இரண்டின் பாடமும் கலந்து நிற்பதைப் போன்றதே இது.

அடிக்கும்போது நேரும் இரட்டிப்பு

1955-ஆம் ஆண்டுக்குரிய வேறு சில சென்ட் காசுகளும் சந்தையில் உண்டு. அவற்றில் ஆண்டின் கடைசி 5 சற்றே இரட்டித்துத் தோன்றும். இவற்றை 'ஏழையின் டபுள் டை' என்று கேலியாக அழைப்பர். உண்மையில் இவை ஹப் இரட்டிப்பு அல்ல. பல்லாயிரம் காசுகளை அடித்துத் தேய்ந்த அச்சில் எழுத்தின் ஓரம் கரைந்து அகன்றதன் விளைவு. வடிவில் ஒத்திருப்பதாலேயே காரணம் ஒன்றாகாது என்பதற்கு ஒரே ஆண்டின் ஒரே மதிப்புள்ள காசே சான்றாக அமைந்தது நல்வாய்ப்பு.

இதனினும் பெரும்பான்மையானது அடிப்பு இரட்டிப்பு. அச்சு பொறியில் தளர்வாக அமைந்திருந்தால், அடித்த கணத்தில் அது நழுவி அல்லது துள்ளி, புதிதாக எழுந்த எழுத்தின் ஓரத்தை உராயும். அப்போது எழுத்தின் ஒருபக்கம் சீவப்பட்டுத் தட்டையான படி ஒன்று தோன்றும். ஹப் இரட்டிப்பில் எழுத்து அகலுகிறது. இங்கு எழுத்தின் சொந்த உடலிலிருந்தே படி வெட்டப்படுவதால் மூல எழுத்து மெலிகிறது. அதோடு, நழுவல் ஒவ்வோர் அடிக்கும் வேறுபடும். முந்தைய காசில் இருந்த படி அடுத்த காசில் இருக்க வேண்டும் என்பதில்லை.

அடிப்பு இரட்டிப்பு மறுபடி நிகழாதது என்பதிலிருந்து ஒரு துணைப்பயனும் கிடைக்கிறது. இரண்டு காசுகளில் ஒரே நழுவல், ஒரே விளிம்பு வெடிப்பு, ஒரே இடத்தில் ஒரே அளவில் இருக்குமானால் அவை ஒரே அச்சின் படிகள் என்று மகிழ்வதற்கில்லை. ஒன்றைப் பார்த்து மற்றொன்றை, அல்லது வேறொன்றைப் பார்த்து இரண்டையும் வார்த்தெடுத்த போலிகள் என்றே ஐயுற வேண்டும். சங்ககாலக் காசுகளுக்குச் சந்தை உருவாகிவிட்ட இந்நாளில் இவ்வையம் மிகையானதன்று.

கையால் செதுக்கிய அச்சு

மேற்கண்டவற்றுள் ஹப் இரட்டிப்பு என்னும் கருத்தைச் சங்ககாலக் காசுகளுக்கு அப்படியே பொருத்த இயலாது. அவற்றின் அச்சுகள் கையால் குழித்துச் செதுக்கப்பட்டவை. ஒவ்வோர் அச்சும் தனி எழுத்துப்பணி. புடைப்பு மூலம் இல்லாத இடத்தில் அதனால் விளையும் இரட்டிப்பும் இல்லை. ஆகவே பழங்காசுப் பட்டியலில் 'டபுள் டை' என்று எழுதப்படும் குறிப்பு பெரும்பாலும் பிழையான குறிப்பாகும்.

ஆனால் கைச்செதுக்கலுக்கே உரிய இரட்டிப்பு ஒன்று உண்டு. உளி தவறியதைத் திருத்த, அல்லது தேய்ந்த அச்சுக்குப் புத்துயிர் ஊட்ட, செதுக்குபவர் பழைய கோட்டின் மேல் மறுபடி வெட்டுவதுண்டு. இம்மீள்செதுக்கல் அச்சில் நிலைத்தது; எல்லாப் படிகளிலும் வரும். இதனைத் திருத்தமாகக் கொள்ள வேண்டுமேயன்றி உயிர்க்குறியாகக் கொள்ளலாகாது.

அடுத்தது அடிப்பின் இயல்பு. கீழ் அச்சு பட்டடையில் பொருத்தப்பட்டிருக்க, வில்லையை அதன்மேல் வைத்து, மேல் அச்சைக் கையில் பிடித்துச் சுத்தியால் அடித்தனர். ஓரடியில் உருவம் தெளியாதபோது இரண்டாம் அடி விழும். இடையில் வில்லை நகர்ந்தால் முழு உருவமும் இடம் பெயர்ந்து மறுபடி பதியும். இதில் கவனிக்க வேண்டியது, ஒரு புறத்தில் உள்ள எல்லா உருவங்களும் ஒரே திசையில், ஒரே அளவில் (சுழன்றிருந்தால் ஒரே கோணத்தில்) பெயர்ந்திருக்கும் என்பதே. எழுத்து மட்டும் பெயர்ந்து குதிரை பெயராமல் இருக்க முடியாது.

முத்திரைக் காசுகள் இவ்வாய்வுக்குப் புறம்பானவை. அவற்றில் ஒவ்வொரு சின்னமும் தனித்தனிப் பொறியால் அடிக்கப்பட்டதால், ஒரு சின்னம் மட்டும் இரட்டிப்பது அங்கு இயல்பே.

ஒரு கோட்டின் மதிப்பு

தமிழியில் உயிர்க்குறிகள் மெய்யெழுத்தின் உடலோடு ஒட்டிய சிறு கோடுகளே. வலப்புறம் நீளும் கிடைக்கோடு ஆகாரம். இடப்புறம் நீண்டால் எகர ஏகாரம். இருபுறமும் நீண்டால் ஒகர ஓகாரம். இடப்புறம் இணையாக இரண்டு கோடுகள் வந்தால் ஐகாரம். இவ்வெழுத்தமைப்பு அடிப்பு இரட்டிப்புக்கு மிக எளிதில் இலக்காகிறது. ஏகாரக் கோடு ஒன்று மேல்கீழாகப் பெயர்ந்து இரட்டித்தால் அது வடிவில் ஐகாரமே ஆகிவிடுகிறது. 'தே' என்று செதுக்கப்பட்டது 'தை' என்று வாசிக்கப்படும்.

கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த சேரர் வெள்ளிக் காசுகளில் உருவத்தலையின் மேல் 'மாக்கோதை' என்னும் பெயர் அமைந்திருப்பது நன்கறியப்பட்டது. இப்பெயரில் ஆகாரக் கோடு ஒன்று, ஓகாரத்துக்குரிய இருபுறக் கோடுகள், ஐகாரத்துக்குரிய இணைகோடுகள் என எல்லா வகையும் வருகின்றன. இறுதி எழுத்திலுள்ள இரு கோடுகள் ஐகாரமா, இரட்டித்த ஏகாரமா என்னும் ஐயம் எழுந்தால், விடை அப்பெயருக்குள்ளேயே உள்ளது. தமிழிக் ககரம் சிலுவை வடிவினது. மேல்கீழ்ப் பெயர்ச்சியால் தகரத்தின் கோடு இரட்டித்திருந்தால் ககரத்தின் குறுக்குக்கோடும் இரட்டித்திருக்க வேண்டும். அது ஒற்றையாக நிற்குமானால் தகரத்தின் இரு கோடுகளும் அச்சில் உள்ளவையே.

இச்சோதனையில் ஒரு பொறி உண்டு. மேல்கீழாகப் பெயரும்போது கிடைக்கோடுகளே இரண்டாகத் தெரியும். நெடுக்குக்கோடுகள் தம்மேலேயே நகர்வதால் இரட்டிக்காமல் நீளம் மட்டும் கூடும். எழுத்தின் உடல் பெரும்பாலும் நெடுக்குக்கோடாகவும் உயிர்க்குறி பெரும்பாலும் கிடைக்கோடாகவும் அமைந்த தமிழியில், 'எழுத்து இரட்டிக்கவில்லை, குறி மட்டுமே இரண்டாக உள்ளது. ஆகவே அது உண்மைக் குறி' என்ற வாதம் மிக இயல்பாக எழும். அது பிழையான வாதம். நெடுக்குக்கோட்டை நெடுக்குக்கோட்டோடும் கிடைக்கோட்டைக் கிடைக்கோட்டோடும் ஒப்பிடுவதே முறை. பக்கவாட்டுப் பெயர்ச்சியில் இந்நிலை தலைகீழாகும்; ஒற்றை நெடுக்குக்கோடான ரகரம் இரண்டாகும், உயிர்க்கோடுகளோ நீள மட்டுமே செய்யும்.

'மாக்கோதை' வாசிப்பில் இன்று ஐயம் இல்லை. கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை என்னும் சேரன் புறநானூற்றின் 245-ஆம் பாடலின் ஆசிரியனாக அறியப்பட்டவன். இலக்கியத்தில் இப்பெயர் இருப்பது வாசிப்புக்குத் துணை என்பதில் ஐயமில்லை. அதுவே இடரும் ஆகலாம். எதிர்பார்த்த பெயர் காசில் கிடைத்துவிட்டால் அதற்கு ஒவ்வாத கோட்டைக் கண் தானாகவே விலக்கிவிடும். வேண்டிய கோட்டை இல்லாத இடத்திலும் கண்டுவிடும். இலக்கியத்தில் இல்லாத பெயர் வரும்போது இத்துணையும் இல்லை. எனவே கோட்டின் உண்மையை இலக்கியச் சான்றுக்கு முன்னரே, அதனைச் சாராமல், தீர்மானித்துக்கொள்வது நன்று.

பாண்டியரின் பெருவழுதிக் காசு இன்னும் நுட்பமான சிக்கலைக் காட்டுகிறது. முன்புறத்தில் குதிரையும் தொட்டியில் ஆமைகளும் குதிரைக்கு மேல் பெயரும், பின்புறத்தில் கோட்டுருவ மீனும் கொண்ட இச்செப்புக் காசு இரா. கிருஷ்ணமூர்த்தியால் அறிஞருலகுக்கு அறிமுகமானது. பெ, ரு, வ, ழு, தி என்னும் ஐந்து எழுத்துகளில் நான்கு உயிர்க்குறி ஏற்றவை. வகரம் ஒன்றே அகரம் ஏறிய எழுத்து.

தமிழி எழுத்துமுறையை ஐராவதம் மகாதேவன் மூன்றாகப் பகுத்தார். முதல் முறையில் குறியற்ற வடிவம் தனிமெய். அகரம், ஆகாரம் இரண்டுக்கும் ஒரே வலக்கோடு. இரண்டாம் முறையில் குறியற்ற வடிவம் மெய்யாகவும் அகரமேறிய மெய்யாகவும் நிற்கும். கோடு ஆகாரத்துக்கே உரியது. மூன்றாவது, புள்ளி வழங்கும் முறை. இம்முறைகளைக் காலவரிசைப் படிகளாகக் கொள்வதில் அறிஞரிடையே கருத்துவேறுபாடு உண்டெனினும், ஒரு பொறிப்பின் காலத்தைக் கூறும்போது இப்பகுப்பு இன்றும் முன்வைக்கப்படுகிறது.

இப்பகுப்பின்படி பார்த்தால், பெருவழுதி என்னும் பெயரில் முதலிரு முறைகளையும் வேறுபடுத்திக் காட்ட வல்லது வகரம் ஒன்றே. வட்டமும் அதன்மேல் நெடுக்குக்கோடுமாக அமைந்த அவ்வெழுத்தின் வலப்புறம் ஒரு சிறு கோடு இருந்தால் முதல்முறை. இல்லையேல் இரண்டாம் முறை. ஏனைய நான்கு எழுத்துகளும் இவ்விரு முறைகளிலும் ஒரே வடிவில்தான் வரும். தேய்ந்த செப்புக் காசொன்றில் வகரத்தின் வலப்புறம் தோன்றும் மங்கிய கோடு, நழுவிய அடியால் நேர்ந்ததா, அச்சில் விழுந்த கீறலா, செதுக்கியவனின் குறியா என்பதை ஆராயாமல் எழுதப்படும் காலக்கணிப்பு, மணலின்மேல் நிற்பதாகும்.

எழுத்து இடவலமாகத் திரும்பி அமைந்த காசுகளையும் இங்குக் கருத வேண்டும். காசில் நேராகத் தெரிய, அச்சில் எழுத்தைத் திருப்பிச் செதுக்க வேண்டும். செதுக்குபவர் அதை மறந்து நேராகவே வெட்டிவிட்டால் காசில் எழுத்து கண்ணாடிப் பிம்பம் போல் வரும். பெயர் முழுவதும் திரும்பியிருந்தால் தெளிவு எளிது. ஓரெழுத்து மட்டும் திரும்பியிருப்பின் இடக்கோடு வலக்கோடாகி, 'பெ' என்பது 'பா' எனத் தோன்றும். இது அச்சில் உள்ள பிழை. எல்லாப் படிகளிலும் வரும். அச்சில் இருப்பதெல்லாம் கருதியது என்று கொள்ள முடியாது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

புள்ளியா, துருக்குழியா

புள்ளி பற்றிய சிக்கல் இதனினும் கடியது. மெய்யும் எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியம் கூறும் மரபு. மாக்கோதையின் ககர ஒற்றிலோ பெருவழுதியின் முதல் எழுத்திலோ ஒரு புள்ளி காணப்பட்டால் அது மூன்றாம் முறைக்குச் சான்றாகிவிடும். ஆனால் காசில் எழுந்து நிற்கும் புள்ளிக்கு அச்சில் ஒரு குழி இருந்தால் போதும். அக்குழியை உளியும் ஏற்படுத்தும், துருவும் ஏற்படுத்தும், அச்சின் முகத்தில் பெயர்ந்து விழுந்த சில்லும் ஏற்படுத்தும். இவை யாவும் அச்சில் உள்ளவை ஆதலால், 'ஒரே அச்சின் பல படிகளிலும் உள்ளது' என்னும் சோதனை இங்குத் தோற்றுவிடுகிறது.

இங்கு உதவுவது அச்சின் நிலைகளை வரிசைப்படுத்தும் முறையே. ஓர் அச்சின் வாழ்நாளில் வெடிப்புகள் தோன்றி நீளும், நுண்கோடுகள் தேயும். வெடிப்பில்லாத காசு முன்னது, வெடிப்பு நீண்ட காசு பின்னது. இவ்வாறு வரிசைப்படுத்திய பின், முதற்காசிலேயே புள்ளி இருந்தால் அது செதுக்கியவனுடையதாக இருக்க வாய்ப்பு மிகுதி. இடையில் தோன்றி வரவரப் பெருத்தால் அது துருக்குழி அல்லது சில்லு. எழுத்தோடு தொடர்பற்ற வெற்றிடத்திலும் அதையொத்த புள்ளிகள் சிதறியிருந்தால் ஐயத்துக்கே இடமில்லை.

எதிர்நிலையும் உண்டு. அச்சின் சிறு குழியில் எண்ணெயும் உலோகத்தூளும் அடைத்துக்கொண்டால் புள்ளி காசில் எழாது. ஆகவே ஒரு காசில் புள்ளி இல்லாமை, அச்சில் புள்ளி இல்லாமைக்குச் சான்றன்று.

புள்ளி கருதியே இடப்பட்டதற்குப் பிற்காலத்தில் உறுதியான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1862 என்ற ஆண்டு மாற்றப்படாமல் 1874 வரை அடிக்கப்பட்ட விக்டோரியா ரூபாய்களில், பம்பாய் நாணயச்சாலை பின்புறத்தில் சிறு புள்ளிகளை இட்டது. அவை உண்மையில் அடிக்கப்பட்ட ஆண்டைக் குறிப்பதாகக் கொள்ளப்படுகிறது. அப்புள்ளிகளை நம்பத்தக்கவையாக்குவது அவற்றின் அழகன்று. பல அச்சுகளில் ஒழுங்கான இடத்தில், ஒழுங்கான எண்ணிக்கையில் அவை திரும்பத் திரும்ப வருவதே. துரு இவ்வாறு ஒழுங்கு காக்காது.

அச்சுகளை எண்ணுதல்

இதிலிருந்து பெறப்படுவது, ஒரு பாடத்துக்குச் சான்றாக எத்தனை காசுகள் உள்ளன என்பதைவிட, எத்தனை அச்சுகள் உள்ளன என்பதே முதன்மையானது. ஓர் அச்சிலிருந்து கிடைத்த நூறு காசுகள் ஒரே சான்று. இரண்டு அச்சுகளிலிருந்து கிடைத்த இரண்டு காசுகள் இரண்டு சான்றுகள். சுவடிப் பதிப்பில் ஒரே ஏட்டைப் பார்த்து எழுதிய படிகள் எத்தனை இருந்தாலும் அவற்றைத் தனிச்சான்றாக எண்ணுவதில்லை. அதே அறம் இங்கும் செல்லும். பட்டியல்களில் 'இப்பாடம் பல காசுகளில் காணப்படுகிறது' என்று எழுதப்படும் தொடர், அக்காசுகள் எத்தனை அச்சுகளைச் சேர்ந்தவை என்று கூறாதவரை, தோன்றும் அளவுக்கு வலிமையுடையதன்று.

அச்சுகளைப் பிரித்தறிய எழுத்தின் வடிவத்தைவிட எழுத்துகளுக்கும் உருவத்துக்கும் இடையிலுள்ள உறவே நம்பத்தக்கது. குதிரையின் காதுக்கு மேல் எந்த எழுத்தின் எந்தக் கால் நிற்கிறது, ஆமைத்தொட்டியின் மூலை எக்காலுக்கு நேர் என்பன ஒவ்வோர் அச்சிலும் வேறுபடும். தேய்மானம் எழுத்தைத் தடிக்கச் செய்யலாம், இவ்விடைவெளிகளை மாற்றாது. அச்சைவிட வில்லை சிறிதாக இருப்பதால் பெயரின் ஒரு பகுதியே ஒரு காசில் விழுவது பெருவழக்கு. ஒரே அச்சின் காசுகள் இவ்வாறு இனங்காணப்பட்டால், ஒன்றில் முதற்பகுதியும் மற்றொன்றில் இறுதிப்பகுதியுமாகச் சேர்த்து முழுப்பெயரை மீட்கலாம். வெவ்வேறு அச்சுகளின் துண்டுகளைச் சேர்த்து மீட்பது இதற்கு ஈடாகாது. அது வாசிப்பு அன்று, ஊகம்.

கிடைத்த காசுகள் அச்சுகளின் எவ்வளவு பகுதியைக் காட்டுகின்றன என்பதை மதிப்பிட எளிய கணக்கொன்று நாணயவியலில் வழங்குகிறது. வாரன் எஸ்டி இதனை விரித்துரைத்தார். ஒரே ஒரு காசால் மட்டும் அறியப்பட்ட அச்சுகளின் எண்ணிக்கையை மொத்தக் காசுகளின் எண்ணிக்கையால் வகுத்து, ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும். விளக்கத்துக்காக, 40 காசுகள் இருந்து அவற்றுள் நான்கு அச்சுகள் மட்டும் ஒற்றைக் காசால் அறியப்படுவதாகக் கொண்டால், விடை 0.90. அதாவது அன்று வெளிவந்த காசுகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு, ஏற்கெனவே அறியப்பட்ட அச்சுகளிலிருந்து வந்தவை. ஒற்றைக் காசு அச்சுகள் 30 என்றால் விடை 0.25, அந்நிலையில் 'இவ்வரசன் காசில் புள்ளி இல்லை' என்று உறுதி கூறுவது பொருந்தாது.

சென்னை மாகாணக் காசுகள் தரும் ஒப்புமை

தமிழ் எழுத்துள்ள காசுகளில் கைச்செதுக்கலும் இயந்திரமும் சந்திக்கும் இடம் ஒன்றுண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி 1807-08 காலத்தில் சென்னையில் அடித்த அரை, கால் வராகன் வெள்ளிக் காசுகளில் ஒருபுறம் கோபுரமும் விண்மீன்களும், மறுபுறம் தாமரையினின்று எழும் திருமாலும் உள்ளன. மதிப்பு ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு ஆகிய நான்கு மொழிகளிலும் பொறிக்கப்பட்டது. விண்மீன்களின் எண்ணிக்கையும் எழுத்தின் இடமும் அச்சுக்கு அச்சு மாறுபடுவதால் இக்காசுகளில் வகைகள் மிகுதி.

அரை வராகன் காசுகள் பல, ஸ்பானிய வெள்ளி டாலர்களை உருக்காமல் அவற்றின் மேலேயே அடிக்கப்பட்டவை. உற்று நோக்கினால் தமிழ் எழுத்துகளுக்கு இடையில் ஸ்பானிய மன்னரின் பெயரெழுத்துத் துண்டுகள் எட்டிப் பார்க்கும். ஒரு தமிழெழுத்தின் காலாகவோ கொம்பாகவோ அவை மயக்கும். இதுவும் இரட்டிப்புப் போலத் தோன்றும்; ஆனால் அச்சுக்கும் அடிப்புக்கும் உரியதன்று, வில்லைக்கு உரியது. அடியில் கிடப்பது என்ன என்று அறியப்பட்டிருப்பதால் இங்கு அதனைக் கழிப்பது எளிது. பழைய காசொன்றின் மேல் அடிக்கப்பட்ட சங்ககாலச் செப்புக் காசில் அவ்வெளிமை இராது.

பதிவு செய்யும் முறை

இத்தகைய ஆய்வுக்குத் தடையாக இருப்பது கருவிக் குறைவு அன்று. ஒருபுறமிருந்து மட்டும் ஒளிபாய்ச்சி எடுத்த ஒற்றைப் படமே இன்றும் பெரும்பாலான வெளியீடுகளில் இடம்பெறுகிறது. ஒளியின் திசைக்கு இணையாகக் கிடக்கும் கோடு அப்படத்தில் மறைந்துவிடும். அதற்குக் குறுக்கான கோடு மிகைப்பட்டு நிற்கும். இடமிருந்தும் மேலிருந்தும் ஒளி விழ இரண்டு படங்களேனும் தருவது, நெடுக்குக்கோடுகளையும் கிடைக்கோடுகளையும் தனித்தனியே சோதிக்க உதவும். சந்தையில் காசைத் துலக்குவோர் அமிலத்தாலும் ஊசியாலும் எழுத்தை 'எடுத்துக் காட்டும்' வழக்கமும் உண்டு. ஊசி பட்ட கோட்டின் ஓரம் கூர்மையாகவும் அடி பளபளப்பாகவும் இருக்கும். அத்தகைய காசை எழுத்துச் சான்றாகக் கொள்வதைவிட விலக்கி வைப்பதே நலம்.

படத்தினும் கோட்டோவியத்தில் கவனம் மிகுதியாகத் தேவை. வரைபவர் இரட்டித்த இரு கோடுகளில் ஒன்றை விட்டு ஒன்றை வரைந்துவிட்டால் அம்முடிவு ஓவியத்தில் தடயமின்றிக் கரைந்துபோகும். பின்வருபவர் ஓவியத்தை வாசிப்பாரேயன்றிக் காசை வாசிக்க மாட்டார். இரண்டு கோடுகளையும் வரைந்து, முதற்பதிவினைப் புள்ளிக்கோட்டாலும் இறுதிப்பதிவினை முழுக்கோட்டாலும் காட்டி, பெயர்ச்சியின் திசையை ஓரத்தில் ஓர் அம்புக்குறியால் குறிக்கலாம். அதே அம்புத்திசையில் குதிரையின் முதுகுக்கோடும் தொட்டியின் விளிம்பும் பெயர்ந்துள்ளனவா என்பதைக் காசு கையில் இல்லாதவரும் அப்போது அளந்து பார்க்க இயலும்.